வண்டு விழாத அவரை

1952ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் சூளகிரிப் பக்கம் இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் காலை சின்னராஜ் விதை அவரைப் பானையைத் திறந்து கையை விட்டான். விரல்களில் மாவு ஒட்டியது. அள்ளிப் பார்த்தால் ஒவ்வொரு கொட்டையிலும் ஓட்டை. பழுப்பு வண்டுகள் விரலிடுக்கில் ஏறி ஓடின.

தை அறுவடையின்போது அவன் மனைவி வெங்கடம்மாள் காய்ச்சலில் கிடந்தாள். விதையை அவனே ஒரு வெயில் மட்டும் காட்டிப் பானையில் கொட்டி மூடினான். அதன்பின் திறந்து பார்க்கவே இல்லை.

ராகிக்கு நடுவே உழுத சாலில் அவரை விதைக்க வேண்டும். ஈரம் மூன்று நாள் தாங்கினால் அதிகம். ஓசூர் வரை போய்ப் பார்த்தான். கடைகளில் இருந்தது குழம்புக்கான அவரை. அதிலும் பாதி சொத்தை.

"பாப்பம்மாகிட்ட இருக்கும், போய்க் கேளுங்க" என்றாள் வெங்கடம்மாள்.

பாப்பம்மா அவன் நிலத்தில் பல வருஷமாகக் கூலி வேலை செய்பவள். அவள் புருஷன் திம்மராயன் கல்லுடைப்பவன். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு அடி நிலம் கிடையாது. தை மாதம் கூலியாக வாங்கிய அவரையில் எட்டுப் படியை அவள் சமைக்காமல் வைத்திருந்தாள். வண்டு முட்டை வெள்ளைப் புள்ளியாக ஒட்டிய கொட்டைகளையெல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைச் செம்மண் குழம்பில் புரட்டி நாலு வெயில் காயவைத்திருந்தாள்.

சின்னராஜ் வாசலில் நின்று கேட்டபோது, அவள் ஒரு பிடி எடுத்து வந்து காட்டினாள். மண்ணைத் தேய்த்துப் பார்த்தான். ஒன்றில்கூட ஓட்டை இல்லை. அவன் நிலத்தில் விளைந்த அதே அவரை.

"எட்டுப் படியும் எனக்கு வேணும் பாப்பம்மா. அறுப்புல பதினாறு படியா தர்றேன்."

"பதினாறு வேணாங்க சாமி. அஞ்சு படி நீங்க எடுத்துக்குங்க. மூணு படி நாங்க போடறோம். சும்மா கெடக்கற உங்க கல்லு மேட்டை எங்களுக்கு வாரத்துக்கு விடுங்க. விளையறதுல பாதி உங்களுக்கு."

சின்னராஜுக்கு முகம் சிவந்தது. "போன வருஷமே இல்லைன்னு சொன்னேனே?"

"சொன்னீங்க. அதான் மறுபடியும் கேக்கறேன்."

"நீ உள்ள போ" என்று திம்மராயன் அவள் கையைப் பிடித்தான். "சாமி, அவ பேச்சை மனசுல வச்சுக்காதீங்க. வெதையை எடுத்துக்கிட்டுப் போங்க."

"நான் இன்னும் குடுக்கலை" என்றாள் பாப்பம்மா. "விடறதா இருந்தா டீக்கடையில நாலு பேரு முன்னால சொல்லிடுங்க சாமி. அப்புறம் பேச்சு மாறக் கூடாது பாருங்க."

சின்னராஜ் திரும்பி வீட்டுக்கு வந்தான். வெங்கடம்மாளிடம் கத்தினான். அவள் ராகிக்களி கிண்டிக்கொண்டே கேட்டாள்.

"அந்த மேட்டுல நாம என்ன போட்டோம் இத்தனை வருஷமா?"

"போடலைன்னா? கூலிக்காரி எனக்குப் பேச்சு சொல்றதா?"

"அவ ஆறு மாசம் வாயைக் கட்டி வெதை வச்சிருக்கா. நாம வண்டு வளர்த்தோம்."

அன்று பகலெல்லாம் வெயில் கடுமையாக அடித்திருந்தது. மறுநாள் காலை சின்னராஜ் வயலில் மண்ணைக் கிள்ளிப் பார்த்தான், மேல்மண் உதிர்ந்தது. நேரே டீக்கடைக்குப் போனான். கல்லு மேட்டைத் திம்மராயனுக்கு வாரத்துக்கு விட்டிருப்பதாக, டீ வருவதற்கு முன்பே, யாரையும் பார்க்காமல் சொன்னான். அவனுக்கு அவமானமாக இருந்தது. பக்கத்து நிலத்துக்கார நாராயணப்பன் மட்டும், "அங்கே என்ன விளையும்?" என்று கேட்டான். வேறு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்து படி விதை அன்றைக்கே சாலில் விழுந்தது. முளைக்காத இடம் அபூர்வம்.

பாப்பம்மாவும் திம்மராயனும் மேட்டில் ஒரு வாரம் கல் பொறுக்கினார்கள். அடுத்த தூறலுக்கு விதைத்தார்கள். செடி சுமாராகத்தான் வந்தது. தை மாதம் அடித்துத் தூற்றி, அவரையை இரண்டு குவியலாகப் பிரித்துவிட்டுப் பாப்பம்மா சின்னராஜை அழைத்து வந்தாள்.

"எது வேணுமோ எடுத்துக்குங்க சாமி."

அவன் இரண்டையும் சுற்றி வந்து பார்த்தான். எது பெரிது என்று அவனால் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் இருந்ததைக் காட்டினான். அவளே அதை அள்ளிச் சாக்கில் போட்டுக் கட்டித் தந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து அவன் தம்பி பெருமாள் அந்த மேட்டைக் கேட்டான்.

"அது பாப்பம்மா போடற நிலம். வேற எதையாவது கேளு" என்றான் சின்னராஜ்.