வலி போன பின்னும் நாற்காலி

விடியற்காலையில் ஜங்ஷன் வரைக்கும் நடந்து திரும்பாவிட்டால் ஜைத்தூன் பீவிக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கூட வரும் பக்கத்து வீட்டு ஆனந்தவல்லி பாதி வழியிலேயே பின்தங்கிவிடுவாள். "வா வா, கூட்ஸ் வண்டி! சிக்னல் போட்டாச்சு" என்று ஜைத்தூன் நின்று சிரிப்பாள்.

அந்த நடையை நம்பித்தான் மகள் சனாவிடம் போனில் அடித்துப் பேசினாள். அத்தாவுக்குத் தலைசுற்றல் வருகிறது, வீட்டைக் காலி செய்துவிட்டு இருவரும் சென்னைக்கு வந்துவிடுங்கள் என்றாள் சனா.

"அவரு வுழுந்தா தூக்க நான் இல்லியா?"

"உன்னால தூக்க முடியலன்னா அன்னிக்கே பொட்டி கட்டணும்மா."

"கட்டுறேன்டி."

வியாழக்கிழமை மத்தியானம் கணவர் அமீனுதீன் அடுப்படி வாசலில் சரிந்தார். அடி எதுவும் இல்லை, எழத்தான் முடியவில்லை. ஜைத்தூன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் அக்குளில் கை கொடுத்துப் பார்த்தாள். அவரை அசைக்க முடியவில்லை. சரி, நாமாவது எழுந்து யாரையாவது கூப்பிடலாம் என்று பார்த்தாள். அவளாலும் முடியவில்லை.

"என்னா புள்ள, ரயிலு மாதிரி போவ, பிளாட்பாரத்துலயே நின்னுட்ட?"

"சும்மா இருங்க நீங்க."

நடக்கும்போது முழங்கால் கொஞ்சம்தான் மடங்கும். தரையிலிருந்து எழுவது வேறு வேலை. முழுக்க மடங்கிய காலைத் தொடைச்சதை நிமிர்த்தி, மொத்த உடம்பையும் மேலே தூக்க வேண்டும். அந்த பலம் நடையால் மட்டும் வந்துவிடாது. ஜைத்தூனுக்கு அதைக் கொடுத்துக்கொண்டிருந்தது ஐவேளைத் தொழுகை. நெற்றியைத் தரையில் வைத்து, எழுந்து நின்று, மறுபடி குனிந்து எழுவாள். மூன்று வருஷத்துக்கு முன் நோன்பு மாதத்தில் முட்டி வலித்தது. நாற்காலியில் உட்கார்ந்து தொழுதாள். அதில் தப்பொன்றும் இல்லை. பெருநாளுக்குள் வலி போய்விட்டது, நாற்காலி போகவில்லை. குனிந்தால் விழுந்துவிடுவோமோ என்ற பயம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பயந்து வேலை கொடுக்காமல் விட்ட சதை, சத்தமில்லாமல் கரைந்துபோனது.

தவழ்ந்து போய் அந்த நாற்காலியையே பிடித்தாள். பிளாஸ்டிக் நாற்காலி. கையை ஊன்றியதும் டைல்ஸில் வழுக்கிக்கொண்டு சுவரோரம் போய் நின்றது.

ஊறுகாய் ஜாடியைத் திருப்பித் தர ஆனந்தவல்லி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

"என்னாக்கா, ரெண்டு பேரும் மாப்புள்ள பொண்ணாட்டம் தரையில உக்காந்திருக்கீங்க?"

யாரும் சிரிக்கவில்லை என்றதும் ஜாடியைக் கீழே வைத்தாள். ஆனந்தவல்லி இன்றும் தரையில் உட்கார்ந்துதான் காய் நறுக்குவாள், சாப்பிடுவாள். குந்தி உட்கார்ந்து, ஜைத்தூனின் இடுப்பை அணைத்துக்கொண்டு, தம் பிடித்து எழுந்தாள். பிறகு இருவருமாக அமீனுதீனைக் கட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள்.

"சனாவுக்குத் தெரிய வாணாம்க்கா. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

மேசையில் போன் அடித்தது. சனாதான். ஜைத்தூன் கணவனைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவரோரம் கிடந்த நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"சனா... பழைய பொட்டியெல்லாம் பூட்டு ஒடஞ்சு கெடக்குது. வரும்போது நீயே ஒண்ணு வாங்கிட்டு வாம்மா."