வண்டிக் கணக்கும் எங்கள் வீட்டாரும்

எங்கள் வீட்டில் ஒருவருக்குப் பரீட்சை என்றால் மொத்தக் குடும்பமும் சேர்ந்துதான் எழுதும். நான் பள்ளி இறுதித் தேர்வு எழுதியபோது, மூளைக்கு நல்லது என்று எனக்கு வெண்டைக்காய் போட்டார்கள். துணைக்கு அப்பாவும் தின்றார். பாவம், அவருக்கு வெண்டைக்காய் என்றாலே ஆகாது.

அந்தப் பழக்கம் எனக்கு முப்பது தாண்டிய பிறகும் விடவில்லை. சாலை வடிவமைக்கும் அலுவலகம் ஒன்றில் பல வருடங்களாக வடிகால் வரைகிறேன். வடிகாலை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் எந்தப் பக்கம் போகவேண்டும் என்றே யோசித்துக்கொண்டிருப்பவளுக்கு, மனிதர்கள் எப்படிப் போகிறார்கள் என்று யோசிக்கவும் ஆசை வருமா வராதா? போக்குவரத்துத் திட்டமிடலில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தேன். எழுத்துத் தேர்வில் தேறியும்விட்டேன். மிச்சம் நேர்காணல் மட்டும்தான். அலுவலகம் படிப்பு விடுப்பு கொடுப்பது ஒருவருக்கு ஒரே முறை, அதுவும் இந்த வருடம் என் முறை. இதில் கோட்டை விட்டால் ஓய்வு பெறும்வரை வடிகால்தான்.

நேர்காணலுக்கு வருகிறவர்கள் ஏதாவது ஒரு சந்திப்பில் போக்குவரத்தை எண்ணி, அங்கே என்ன செய்யலாம் என்று விளக்க வேண்டும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? எங்கள் வீட்டு மாடியில் நின்றால், எங்கள் தெரு பெரிய சாலையில் சேரும் இடம் அப்படியே தெரியும். எண்ணும் தாளை நானே தயாரித்தேன். லாரி, பஸ், கார், டூவீலர், சைக்கிள் என்று கட்டங்கள். பார்க்க அழகாக இருந்தது.

முதல் நாள் சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன்.

"நாளைக்குக் காலையில யாரும் என்னைக் கூப்பிடாதீங்க. மாடியில உக்காந்து வண்டி எண்ணப் போறேன்."

"நிறைய வந்தா நல்லதா, கம்மியா வந்தா நல்லதா?" என்று கேட்டார் அப்பா.

"நிறைய வந்தாத்தான்ப்பா ஏதாவது சொல்ல முடியும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பதை அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை. சோற்றில்தான் கவனமாக இருந்தேன்.

மறுநாள் காலை நாற்காலி, குடை, தேநீரோடு உட்கார்ந்தேன். அடேயப்பா, என்ன கூட்டம். எங்கள் தெருவிலிருந்து வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. கோடு போட்டுப் போட்டுக் கை வலித்தது. அப்பாவின் பழைய ஸ்கூட்டர் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று. வழக்கம்போலக் கடைச் சாவியை மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சித்தப்பாவின் டிரைவிங் ஸ்கூல் கார்கள் ஊர்ந்து ஊர்ந்து திரும்பின. மனுஷனுக்கு வியாபாரம் சூடு பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பார்சல் கொண்டுபோகும் பையன்கள் ஒரே நிறச் சட்டையில் சரம் சரமாகப் போனார்கள். அண்ணன் செய்வதும் அதே வேலைதான். ஹெல்மெட்டுக்குள் யார் இருக்கிறார் என்று பார்ப்பதா எனக்கு வேலை?

மத்தியானமே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். சிக்னல் வைத்தே ஆகவேண்டிய சந்திப்பு. படம் வரைந்தேன், வண்ணம் தீட்டினேன். தலைகால் புரியவில்லை எனக்கு.

சாயங்காலம் சித்தப்பா வந்தார். செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"என்ன இன்ஜினியரம்மா, நம்ம வண்டியெல்லாம் ஏறிச்சா?"

"எதுல சித்தப்பா?"

"கணக்குலதான். கத்துக்க வந்த அத்தனை பேரையும் இன்னிக்கு உன் முனையிலதான் திருப்ப வச்சேன். ஒருத்தன் பயத்துல அழுதே போட்டான்."

அண்ணன் விட்டுக்கொடுப்பானா? "நான் மட்டும் என்ன, எங்க பசங்க எல்லாரையும் கூட்டிட்டு வந்து சுத்துனேன். டீ வாங்கிக் கொடுத்தேன் எல்லாருக்கும்."

அப்பா பெருமையாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். சாவியை அவர் மறக்கவே இல்லை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. நாளை மறுநாள் நேர்காணல். நான் வரைந்த சிக்னல் என் சொந்தக்காரர்களுக்கான சிக்னல். வீடே அதிரக் கத்தினேன். "இது என்ன பாட்டுப் போட்டியா, ஆள் சேர்த்து ஓட்டுப் போட? உள்ளது உள்ளபடி எண்ணணும்ப்பா." மூன்று ஆண்பிள்ளைகளும் திட்டு வாங்கும் பிள்ளைகளைப் போல வரிசையாக நின்றார்கள். அழுகையும் வந்தது எனக்கு.

அம்மா ஓரமாக உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மெதுவாகச் சொன்னாள்.

"நானும் நாலஞ்சு தடவை போனேன்டி."

"எங்கேம்மா?"

"எதிர்த்த பக்கக் கடைக்கு. போறது, வரது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு சாமான் வாங்கிட்டு வந்தேன்."

"எதுல போன?"

"எனக்கு ஏதுடி வண்டி? நடந்துதான். என்னை எந்தக் கட்டத்துல போட்ட?"

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. ஒரு வேன் இடித்துக் கீழே தள்ளியதிலிருந்து அம்மா அந்தச் சாலையைத் தனியாகக் கடப்பதில்லை. எதிர்ப்பக்கம் நல்ல காய்கறிக் கடை இருந்தும், இந்தப் பக்கத்துக் கடையின் வாடல் கீரையைத்தான் வாங்குவாள். அப்படிப்பட்டவள் எனக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வந்திருக்கிறாள், நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே. நான் பார்க்கவே இல்லை. என் தாளில் சக்கரம் வைத்தவர்களுக்குத்தான் கட்டம் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் வீட்டிலிருந்த வண்டிச் சாவிகள் அத்தனையையும் வாங்கி ஒரு டப்பாவில் போட்டு, என் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். சித்தப்பாவை அவருடைய வகுப்பை ஊருக்கு மறுகோடியில் நடத்தச் சொல்லி விரட்டினேன். புதுத் தாளில் முதல் கட்டம் நடப்பவர்களுக்கு. அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"இன்னிக்கு நீ கடக்கக் கூடாதும்மா. கடக்கிறவங்களைச் சொல்லு, போதும்."

அம்மா வேலையில் கெட்டி. "பச்சைக் குடைக்காரி இன்னும் அங்கேயே நிக்கிறா பாரு" என்றாள். கொஞ்சம் கழித்து, "போச்சு, திரும்பி வீட்டுக்கே போறா" என்றாள். கடக்காமல் திரும்பியவர்களுக்கு இன்னொரு கட்டம் போட்டேன். அதுவும் நிரம்பிக்கொண்டே வந்தது. வண்டிகளோ சுமார்தான். சிக்னல் வேண்டிய கூட்டமே இல்லை, ஓய்வில்லாமல் வேகமாகப் போயின, அவ்வளவுதான். சாலையின் நடுவில் ஆள் நிற்க ஒரு சின்ன மேடை இருந்தால் பாதிப் பாதியாகக் கடந்துவிடலாம். பழைய படத்தைக் கிழித்துவிட்டு அந்த மேடையை வரைந்தேன்.

நேர்காணலில் நடுவில் இருந்தவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"காலையிலேர்ந்து எல்லாரும் சிக்னல்தான் கேட்டாங்க. நீங்க கேக்கலையா?"

"முந்தாநாள் வரைக்கும் நானும் கேட்டேன் சார்."

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மாணவன் அழுத கதை வந்தபோது அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஓரத்தில் இருந்த பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப அந்த முதல் நாள் கணக்கு மொத்தமும் குப்பைதானே?"

"எங்கம்மா கடந்தது மட்டும் குப்பை இல்ல மேடம்."

"அதுவும் உங்களுக்காகப் போனதுதான். எண்ணிக்கையில சேர்க்க முடியாதே."

"சேர்க்கலை மேடம். ஆனா என் தாள்ல நடக்கிறவங்களுக்கு இடமே இல்லைன்னு அதுலதான் தெரிஞ்சுது. தெரியாம இருந்திருந்தா, உங்க முன்னாடி இப்ப சிக்னல் படத்தோட உக்காந்திருப்பேன்."

பேராசிரியை எதையோ எழுதிக்கொண்டார். நல்லதா கெட்டதா என்று தெரியாமல் இரண்டு வாரம் தூக்கம் கெட்டது எனக்கு.

இடம் கிடைத்துவிட்டது. செய்தி வந்த சாயங்காலம் வீட்டில் ஒரே அமளி. எல்லாம் தான் ஓட்டிய ஓட்டத்தால் என்றார் அப்பா. தன் மாணவன் விட்ட கண்ணீரால் என்றார் சித்தப்பா. அம்மா என் கையைச் சுரண்டினாள்.

"நான் நடந்ததும் உதவிச்சாடி?"

"அது மட்டும்தாம்மா உதவிச்சு."

அப்பாவின் முகம் சுருங்கியது. அம்மா உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எதிர்த்த கடையில நல்ல கீரை வந்திருக்காம். வா, கையைப் பிடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டு சாலை ஓரத்துக்குப் போனேன். மேடை இன்னும் என் படத்தில் மட்டும்தான் இருந்தது. வண்டிகள் ஓயட்டும் என்று நாங்கள் இருவரும் நின்றுகொண்டே இருந்தோம்.