பால்கனிக்குக் கீழே பதிந்த டேப்

மாப்பிள்ளையிடம் இரண்டு டேப் இருந்தன. இரண்டுமே திருட்டுப் பதிவு. நாங்கள் வேலைக்கு வரும் முன்பே கலைந்துபோன ஒரு ராக் குழு மேடையில் பாட, கூட்டத்தில் எவனோ சட்டைக்குள் மைக்கை ஒளித்துப் பிடித்தது. ஒன்று திறந்த மைதானத்தில். மற்றது பழைய அரங்கு ஒன்றில், பால்கனிக்குக் கீழே நின்று.

எனக்குப் பிடித்தது மைதானம். அவனுக்குப் பால்கனி. பட்டறையின் இரும்புத் தகட்டு முற்றத்தில் எங்கள் சாப்பாட்டு நேரம் இந்தச் சண்டையிலேயே தீரும். அவன் என் தங்கை புருஷன். கிரேன் கொக்கியில் தகடு மாட்டுகிறவன். நான் வெல்டர், அவனை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். "உன்ன நம்பித்தான் அனுப்புறேன்" என்றாள் தங்கை.

"மைதான டேப்புல என்ன இருக்கு மச்சான்? பாதிக்கு மேல காத்துதான் பாடுது."

"காத்தாவது சுருதியோட பாடுது. உன் ஆளு தகர டப்பாக்குள்ள உக்காந்து அழறான்."

"அழட்டும். ஜனம் காலத் தட்டுதே, அதக் கேளு. புல்லரிக்கல?"

புல்லரிக்கத்தான் செய்தது. காரணம் வேறு. அந்த டேப்பின் கடைசிப் பாட்டில் பால்கனி இடிந்து விழுந்தது. பதிவு செய்தவன் தூணோரம் நின்றதால் பிழைத்தான். அந்த இடம் வருமுன் மாப்பிள்ளை நிறுத்திவிடுவான். நான் ஒரு தரம் முழுக்கக் கேட்டேன். பாட்டு ஓயும்போதெல்லாம் டிக், டிக் என்று ஒரு சத்தம். கடைசியில் அது நிற்கும். அது நின்ற பிறகுதான் அலறல்.

"டிரம்மர் குச்சியால ஓரத்துல தட்டுறான்" என்பான் அவன்.

"பாட்டே இல்லாதப்ப தட்டுற டிரம்மருக்கு எவன் சோறு போடுவான்? அது போல்ட்டு மாப்ளே. இரும்பு சொல்லிட்டுத்தான் உடையும்."

"உன் தங்கச்சி கரண்டியத் தட்டினாலும் விரிசல்னுதான் சொல்லுவ."

மேஸ்திரி அந்த வாரம் புதுப் பழக்கம் ஒன்றை ஆரம்பித்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் தகட்டைக் கீழே இறக்குவதில்லை. கொக்கியிலேயே தொங்கட்டும், இறக்கி ஏற்றினால் நேரம் வீண். "கிரேன் கம்பிக்கயிறு பிசிறு விடுதுங்க" என்று சொல்லிப் பார்த்தேன். "உன் வேல ஒட்டுறது. போய் ஒட்டு" என்றார்.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. தொங்குகிற தகட்டின் நிழலில் போய்ச் சப்பணமிட்டான் மாப்பிள்ளை. பக்கத்தில் துண்டு, அதன்மேல் என் மைதான டேப். பால்கனி டேப் என்னிடமிருந்த பாட்டுப் பெட்டியில் ஓடியது.

"அங்க உக்காராத. வா இப்படி."

"வேற எங்க நிழல் இருக்கு? காட்டு, வரேன்."

முற்றத்தில் வேறு நிழல் கிடையாது.

பாட்டு முடிந்தது. கூட்டம் அடங்கியது. டிக். டிக். அவன் கண்ணை மூடிக்கொண்டு சாப்பாட்டு டப்பா மூடியில் ஒற்றை விரலால் கூடவே தட்டினான்.

"கேளு மச்சான். எவ்வளவு சுத்தமாத் தட்டுறான் பாரு."

அந்தச் சத்தம் எனக்கு ஆகவில்லை. பெட்டியை நிறுத்தினேன்.

அவன் விரல் நிற்கவில்லை.

தகடு காற்றில் மெதுவாக ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தட்டு. என் வாயில் இருந்த சோறு அப்படியே இருந்தது.

"மாப்ளே."

"ம்."

"டேப்ப நிறுத்திட்டேன்."

விரல் பாதியில் நின்றது. டிக். அவன் கண் திறந்து நேர்மேலே பார்த்தான்.

"வா" என்று மட்டும் வந்தது. அவன் எழுந்தான், டப்பா உருண்டது. நான் பாய்ந்து போய் நிழலின் ஓரத்தில் அவன் காலரைப் பிடித்தேன். வந்தவன் சட்டென்று திரும்பினான்.

"விடு மச்சான். உன் டேப்பு அங்க கெடக்கு."

"கெடந்து நாசமாப் போகட்டும்டா!"

"அதுக்கு வேற காப்பி இல்ல. எட்டி எடுத்துர்றேன்."

இத்தனை நாள் காத்து பாடுகிறது என்று அவன் கேலி செய்த டேப். உடம்பை முன்னால் தள்ளிக் கையை நீட்டினான். சட்டைப் பொத்தான் தெறித்தது. காலர் என் பிடியில்தான் இருந்தது. அவன் இரண்டு காலும் நிழலுக்குள் இருந்தன.

மேலே டிக் சத்தம் நின்றது.