நாத்தனாரை எதில் சேர்ப்பது?

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் தலையில் கட்டிவிட்டார்கள். கட்டியது என் நாத்தனார். அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறாள். நேற்று மாலை போன் செய்தாள்.

"அண்ணி, மேல படிக்கலாம்னு இருக்கேன். தொழிலாளர் சட்டத்துல டிப்ளமா ஒண்ணு இருக்கு. எச்.ஆர். எடுத்து எம்.பி.ஏ. பண்ணலாம். இல்லன்னா கவுன்சலிங். மூணுக்கும் நாளைக்குத்தான் கடைசி நாள்."

"உங்க அண்ணன்கிட்ட கேட்டியா?"

"எதுல சம்பளம் ஜாஸ்தியோ அதுல சேருங்கிறான். நீங்க கதை எழுதுறவங்கதானே? மூணுக்கும் ஒவ்வொரு முடிவு எழுதிப் பாருங்க. எது நல்லா வருதோ அதுல சேர்ந்துடுறேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. (நாத்தனாரும் அண்ணியும் இவ்வளவு ஒற்றுமையா என்று புருவம் தூக்கும் வாசகருக்கு: நாங்கள் சண்டையும் போட்டிருக்கிறோம். அது வேறு கதை.)

2

தொடக்கம், முதல் முயற்சி: 'மனிதவளத் துறை* என்பது ஒரு பெருங்கடல்...' அடித்துவிட்டேன். பேச்சுப்போட்டி வாடை.

இரண்டாவது: 'சிறுவயது முதலே மனிதர்கள் என்றால் அவளுக்கு உயிர்.' பச்சைப் பொய். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மொட்டை மாடிக்கு ஓடிவிடுவாளாம். என் கணவர் சொல்லக் கேள்வி.

மூன்றாவது: 'ஆள் எடுக்கும் வேலையில் இருந்தாள். ஆளை எடுக்கும் வேலையும் அதற்குள்ளேயே இருந்தது.'** இது இருக்கட்டும்.

* நிலவளம், நீர்வளம் என்ற வரிசையில் மனிதரையும் கொண்டுபோய்ச் சேர்த்த புண்ணியவான் யாரோ!

 ** 'ஐ' என்று ஒரே ஒரு வேற்றுமை உருபு. அது இல்லாவிட்டால் வேலை கிடைக்கிறது, இருந்தால் போகிறது. இலக்கண வகுப்பில் தூங்கியவர்கள் கவனிக்கவும்.

3

முடிவுகள்.

சட்டம்: படித்து முடிக்கிறாள். அடுத்த முறை ஒருவரை நீக்கச் சொல்லும்போது, "இது செல்லாது சார்" என்கிறாள். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. படிக்கும்போது எனக்கே கைதட்டத் தோன்றுகிறது. அதனால்தான் சந்தேகமாகவும் இருக்கிறது.

எம்.பி.ஏ.: யார் இருப்பது, யார் போவது என்று முடிவெடுக்கும் அறையில் அவளுக்கும் ஒரு நாற்காலி கிடைக்கிறது. வாதாடி இரண்டு பேரைக் காப்பாற்றுகிறாள். அப்படியானால் வேறு யாரை அனுப்புவது என்று கேட்கிறார்கள். அவள் வாயைத் திறந்து... [இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.]

கவுன்சலிங்: எதிரில் இருப்பவர் அழுதால், குறுக்கே பேசாமல் கூடவே உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொள்கிறாள். நல்ல விஷயம்தான். ஆனால் அழுதவருக்கு வேலை போனது போனதுதானே?

மூன்றுமே ஒட்டவில்லை. திடீரென்று ஏன் இந்தப் படிப்பு ஆசை என்று நான் அவளைக் கேட்கவே இல்லை. நோயைக் கேட்காமல் மருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

4

இன்று காலை அவளுடைய ஆபீசுக்கே போன் போட்டு மூன்றையும் வாசித்துக் காட்டினேன்.

"சட்டம் சரிவராது அண்ணி. சட்டப்படிதான் அனுப்பினோம்."

"யாரை?"

அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"பசை மெஷின் ஓட்டுறவரை. நேத்து மத்தியானம். புது மெஷின் வந்துடுச்சு, இனிமே அவர் வேண்டாம்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. என்னைத்தான் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னாங்க."

"அழுதாரா?"

"உங்க கதையிலதான் எல்லாரும் அழுவாங்க. அவர் 'சரிம்மா'ன்னாரு. எந்திரிச்சு கதவு வரைக்கும் போயி, திரும்பி, 'அப்போ நான் வரேம்மா'ன்னாரு. நான்..."

"நீ?"

"'போயிட்டு வாங்க'ன்னுட்டேன் அண்ணி. எல்லார்கிட்டயும் சொல்ற மாதிரி வாயில வந்துடுச்சு. அவர் அப்படியே நின்னு என் முகத்தைப் பார்த்தாரு. அப்புறம் தலையாட்டிட்டுப் போனாரு."

விடைபெறும்போது நம்மில் யாரும் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'சரி, போங்கள்' என்று பதில் சொல்வதும் இல்லை. அபசகுனம் என்று பழக்கிவிட்டார்கள். நல்ல பழக்கம்தான் நேற்று அவள் காலை வாரிவிட்டது. எனக்கு அவள்மேல் பாவமாக இருந்தது. அந்த மனிதரை நினைத்தபோது அதைவிட அதிகமாக.

"எதைப் படிச்சா அண்ணி அந்த எடத்துல சரியாப் பேச வரும்? அதுல சேர்றேன். அப்படி ஒண்ணு இல்லன்னா இந்த வேலையே எனக்கு வேண்டாம். இன்னைக்கே எழுதிக் குடுத்துடுறேன்."

5

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் மேஜையில் இன்னொரு போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள் போலிருக்கிறது, எனக்கும் கேட்டது. கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி.

"மேடம், பசை மெஷின்காரர் யூனிபார்ம் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறாரு. உள்ள விட முடியாதுன்னேன். நீங்கதான் வரச் சொன்னீங்களாம்."

"அண்ணி," என்றாள் அவள். "வெச்சுடாதீங்க." நாற்காலி நகர்ந்தது. கதவு திறந்து மூடியது.

போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். என் மூன்று முடிவுகளும் எதிரே கிடக்கின்றன. [நான்காவது: மறந்துவிட்ட சாப்பாட்டு டப்பாவை எடுத்துப்போகத்தான் அவர் வந்திருக்கிறார். வேண்டாம், இது நான் தப்பித்துக்கொள்ளும் வழி.]

வாசகரே, இனி உங்கள் பாடு. படிப்பைத் தேர்ந்தெடுக்க மாலைவரை நேரம் இருக்கிறது. கேட்டுக்குப் போய்ச் சேர அவளுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. வந்து நிற்பவரைப் பார்த்ததும் நம் வாயில் தானாக வரும் முதல் சொல் 'வாங்க'. அது இல்லாமல் வேறு ஒன்று சொல்லுங்கள், சீக்கிரம்.