கல்லியோப்பியின் பெயர்நாள்

1

இந்தக் கதை கொரிந்துவின் இடிபாடுகளுக்கு நடுவே எனக்குக் கிடைத்தது. ஒரு சுற்றுலாக் கூட்டம் தன் வழிகாட்டிப் பெண்ணுக்குப் பெயர்நாள் வாழ்த்துச் சொன்னது. அவள் திருதிருவென்று விழித்தாள். நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் சந்தேகம். பல வருடமாகக் கிரேக்க நாட்டில் இருக்கிறேன். பிறந்தநாளை மறப்பவர்கள் உண்டு. தன் பெயருக்குரிய புனிதரின் நாளை மறந்தவரை நான் கண்டதில்லை. அன்று வாழ்த்து வாங்குபவர்தான் மற்றவர்களுக்கு இனிப்புத் தரவேண்டும்.

2

"அப்போலோ கோயிலின் ஏழு தூண்கள் மீது காலை வெயில்…"

வேண்டாம். அந்தத் தூண்களைப் படம் எடுக்காதவரே இல்லை.

மறுபடி: வழிகாட்டிப் பெண் ஃபோதினியின் கழுத்தில் தொங்கிய உரிம அட்டையில் அக்கா கல்லியோப்பியின் பெயரும் படமும் இருந்தன. முகச்சாயல் காப்பாற்றும் என்று நம்பினாள். அக்கா கணுக்கால் முறிந்து படுத்திருந்தாள். இந்தக் கூட்டத்தை விட்டால் நிறுவனம் கோடை முழுவதையும் வேறொருத்திக்குக் கொடுத்துவிடும். உரிமம் இல்லாமல் இங்கே விளக்கம் சொல்லி மாட்டினாலோ வழக்கு. அக்காவின் உரிமமும் போய்விடும்.

(இந்த இடத்தின் வரலாறு தெரியுமா அவளுக்கு? அக்கா வீட்டில் ஒத்திகை பார்ப்பதைக் கேட்டே வளர்ந்தவள். ரோமப் பேரரசர்களின் வரிசையில் மட்டும் கொஞ்சம் சொதப்புவாள்.)

3

கூட்டத்தினர் வோலோஸ் ஊரின் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். அவர்களில் ஸ்டெர்கியோஸை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. மனிதர் படம் எடுக்கவில்லை, கேள்வி கேட்கவில்லை. ரோமர்களின் கடைவரிசையில் எல்லாரும் சுவரைப் பார்த்தபோது அவர் ஃபோதினியின் அட்டையைப் பார்த்தார். உரிமம் பார்க்கும் சோதனைக்காரர்கள் கூட்டத்தோடு கூட்டமாக வருவதுண்டு.

(அவரை ஒரு அப்பாவிக் கிழவராக எழுதிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை, ஏனென்றால் அவர்…)

பழைய ஊற்றுமண்டபத்தருகே வாசோ என்ற அம்மாள் அட்டையைப் படித்துவிட்டுக் கூவினாள்: "அடி கல்லியோப்பி! இன்னிக்கு உன் பேருநாளாச்சே! நூறு வருஷம் நல்லா இருக்கணும்டி கண்ணு!"

"இனிப்பு எங்கடி? எங்கள ஏமாத்தலாம்னு பாத்தியா?" என்றாள் இன்னொருத்தி.

"ஐயோ… மறந்தே போச்சும்மா."

"எத? உன் பேரயா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டெர்கியோஸ் சிரிக்கவில்லை.

காலையில் அக்காவை முத்தமிட்டு வாழ்த்தி, கட்டிலருகே இனிப்புப் பெட்டியை வைத்துவிட்டுத்தான் ஃபோதினி கிளம்பியிருந்தாள். இன்று தானும் கல்லியோப்பி என்பதுதான் நினைவில்லை. பாவம், எனக்கு அவள்மேல் இரக்கமாக இருக்கிறது.

4

முடிவு ஒன்று: வெளிவாசலில் ஸ்டெர்கியோஸ் தன் சோதனைக்காரர் அடையாள அட்டையை நீட்டுகிறார். (கொடுமை. எழுதியதை அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அவருக்குக் காது கேட்காது, அவ்வளவுதான். (சோம்பேறித்தனம்.)

அடிக்க முடியாமல் நிற்பது இதுதான். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்டெர்கியோஸ் வெளியே போய், ஊர்ச் சதுக்கத்திலிருந்து ஒரு பெட்டி பாதாம் இனிப்போடு வந்தார். "இந்தா, உன் கையால குடு. அப்பத்தான் இவங்க வாய் மூடும்."

அவள் எல்லாருக்கும் கொடுத்தாள். கடைசியாக அவர் ஒன்று எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் நகரும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இது சரி. உன் பேருநாள் எப்பம்மா?"

பரிவா, வலையா? எழுதுகிற எனக்கே தெரியவில்லை. அவள் வாயைத் திறந்துவிட்டாள். நீங்கள் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். அவள் கொடுத்த இனிப்பு உங்கள் வாயிலும் இருக்கிறது. அவளுக்கு என்ன பதில் எடுத்துக்கொடுப்பீர்கள்?