வெள்ளையடித்த குழி

மண்ணுக்கு ஜாதகம் கணிக்க அரசாங்கம் செங்கல்பட்டில் ஓர் ஆபீஸ் வைத்திருந்தது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேர் அதைப் பத்திரம் பதிகிற இடம் என்று நினைத்துச் சாட்சிகளோடு வந்து, விஷயம் தெரிந்ததும் திட்டிவிட்டுப் போவார்கள். அந்த ஆபீஸில் உதவி ஆய்வாளனாக இருந்தான் ரவிச்சந்திரன். எம்.எஸ்ஸி. படித்துவிட்டுக் குழி வெட்டுகிறான் என்று ஊரப்பாக்கத்தில் அவன் மாமனார் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. பேச்சில் பொய் ஒன்றும் இல்லை. அவன் பிழைப்பே குழிதான்.

ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி உள்ளே இறங்குவான். மேலிருந்து கீழே மண் எப்படி மாறுகிறது என்று குழிச்சுவரைப் பார்ப்பான். ஒரு பிடியை நனைத்து விரலிடுக்கில் நாடாவாக இழுப்பான். அறுகாமல் எவ்வளவு நீளம் வருகிறதோ அவ்வளவு களி. கடைசியில் ஒரு சின்னப் புட்டியிலிருந்து ஆசிட்டைச் சொட்டுவான். மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் சோடாபோல நுரைக்கும். இத்தனையும் பார்த்துவிட்டு இது நெல்லுக்கு, இது கடலைக்கு, இது வெறும் புல்லுக்கு என்று மண்ணுக்கு வகுப்புப் போடுவான். இதுவரை யாரும் எழுதாத மண் அகப்பட்டால், அகப்பட்ட ஊரின் பெயரையே அதற்கு வைப்பது துறை வழக்கம். நம் ஆட்கள் மண்ணை வகை பிரிக்கும்போதாவது ஊர்ப்பேரோடு நிறுத்திக்கொண்டார்களே, அதுவரைக்கும் சந்தோஷம்.

எழுபத்து நாலாம் வருஷம் முந்திரி வருஷம். சரிவாகக் கிடக்கிற புறம்போக்கிலெல்லாம் முந்திரி நட்டே தீர வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்திருந்தது. நட்டது பிழைக்கிறதா என்று பார்க்க உத்தரவில் இடம் இல்லை. செய்யூர்ப் பக்கம் நெல்லிமேடு என்ற ஊரின் மேய்ச்சல் சரிவும் அதில் மாட்டிக்கொண்டது. அந்தச் சரிவில் மழைக்குப் புல்லும் வெயிலுக்கு வெடிப்பும் தவிர வேறொன்றும் விளைந்ததில்லை. காலனி ஆடுகள் அத்தனைக்கும் அதுதான் சோறு. பஞ்சாயத்துத் தலைவர் வரதனுக்கோ முந்திரிக் கன்றைப் பார்க்கும்போதே பழமும் கொட்டையும் கண்ணில் ஆடின. கன்று சப்ளை அவர் மச்சினன்.

மண்ணைப் பார்த்து எழுதச் சொல்லி ரவிச்சந்திரனை அனுப்பினார்கள். அவன் குழிக்குள் நின்றிருந்தபோது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"இன்னா சாரு தேடற? பொதையலா?"

ஆடு மேய்க்க வந்த பொன்னி நின்றிருந்தாள். புருஷன் உப்பளத்து வேலைக்குப் போனவன் அங்கேயே வேறொரு வீடு பார்த்துக்கொண்டு தங்கிவிட்டான். அவளுக்கு மிஞ்சியது ஆடுகள்தான்.

"மண்ணு பாக்குறேம்மா."

"மண்ணைப் பாக்க கொழி எதுக்கு? மேலயே கீதே."

அவன் சிரித்துவிட்டு, ஆசிட் புட்டியைத் திறந்து சுவரில் ஒரு சொட்டு விட்டான். நுரை கண்ணுக்குத் தெரியவில்லை. காதை ஒட்டி வைத்துக் கேட்டான். நொறநொறவென்று மிக மெல்லிய சத்தம் வந்தது. கொஞ்சம் கீழே விட்டான், அங்கேயும் அதே சத்தம். சுண்ணாம்பு கட்டியாக இல்லை. மாவாகக் கலந்து, மேலிருந்து அடிவரை பரவியிருந்தது. சரிவில் கிடக்கிற சுண்ணாம்புக் களிமண். வெயிலில் வெடிக்கும், மழையில் வீங்கும், வெடித்து வீங்கி வேரை அறுக்கும். முந்திரி ஒரு கோடை தாங்காது. அவன் இதுவரை பார்த்த எந்த மண்ணோடும் அது ஒத்துப்போகவில்லை. புது மண்! குழிக்குள் நின்றபடியே அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கல்யாணத்தன்றுகூட அவனுக்கு அப்படிச் சிலிர்க்கவில்லை.

"முந்திரி வெச்சிட்டு கம்பி வேலி போட்ருவாங்களாமே. எங்க ஆட்டை எங்க ஓட்டிகினு போறது?" என்றாள் பொன்னி. "விக்கச் சொல்றாரு தலைவரு. வித்துட்டு நானு இன்னா பண்றது, வேலியைப் பாத்துகினு குந்திகிறதா?"

"வேலி வராதும்மா. இது புல்லு மண்ணு. நான் எழுதுறேன்" என்றான். வாக்குக் கொடுத்துவிட்டோம் என்பது அவனுக்குக் குழியைவிட்டு ஏறிய பிறகுதான் உறைத்தது.

எழுதியும் விட்டான். மேலதிகாரி சௌகத் அலி படித்துப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனுஷர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், முக்கியமாகத் தமக்கு.

"தம்பி, மண்ணு எப்படியோ இருந்துட்டுப் போகட்டும். முந்திரிக்கு ஆகாதுன்னு ஏன் எழுதுற? எழுதுனா ஏன்னு கேப்பாங்க. ஆகும்னு எழுதுனா யாரும் கேக்க மாட்டாங்க."

"சத்தம் கேட்டுது சார்."

"உன் காதுக்குக் கேட்டுது. ஃபைலுக்குக் கேக்கணுமே."

எழுதியதை மாற்ற மாட்டேன் என்று ரவிச்சந்திரன் நின்றதில் தகராறு வளர்ந்து கடைசியில் டெல்லிக்குப் போனது. மண் வகைகளைச் சரிபார்க்கிற பெரிய அதிகாரி நேரில் வருவதாகத் தகவல் வந்தது. அவர் சொட்டு விட்டுப் பார்த்து, சுண்ணாம்பு மண் என்று சொல்லிவிட்டால் சரிவு ஆடுகளுக்கு. இல்லையென்றால் முந்திரிக்கு. அவருக்கு ஒரு காது மந்தம் என்றும் பேசிக்கொண்டார்கள். ரவிச்சந்திரனுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. அவன் மண் பேசுகிற மெல்லிய சத்தத்துக்கு நல்ல காதே மண்டிபோட வேண்டும்.

பெரிய அதிகாரி வருகிறார் என்றதும் நெல்லிமேட்டில் நடந்தது வேறு. வரதனுக்கு மண் சாஸ்திரம் தெரியாதே தவிர மரியாதை சாஸ்திரம் தெரியும். கலெக்டர் வந்தபோது ரோட்டோரக் கற்களுக்கு வெள்ளையடித்தவர் அவர். மந்திரி வந்தபோது புளியமரங்களுக்கு இடுப்புவரை அடித்தவர். ஒருமுறை கால்நடை டாக்டர் வருகிறார் என்று தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்து, தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த எருமையின் கொம்புக்கும் அடிக்க வைத்தார். இப்போது டெல்லியிலிருந்து ஒருத்தர் வருகிறார், வந்து பார்க்கப்போவதோ ஒரு குழியை. அதை அப்படியே மண்ணாக விட்டுவைத்தால் ஊர் மானம் என்ன ஆவது?

கடற்கரைக் காளவாயிலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு தருவித்தார். அரைவேக்காட்டுக் கிளிஞ்சல்தான், மலிவாக வந்தது. குழியின் நாலு பக்கமும் இரண்டு கோட்டு அடித்து, இறங்குகிற படிக்குக் காவிப்பட்டை போட்டு, விளிம்பில் கோலம் வைத்தார். அதிகாரியின் பயணம் ஒரு வாரம் தள்ளிப்போனது. அதற்குள் வெள்ளை நன்றாகக் காய்ந்து இறுகியது. பிறகு மழை வந்தது. கோலமும் காவியும் கரைந்து போயின. சுவரில் களி கசிந்து, வெள்ளை திட்டுத்திட்டாகவும் கோடுகோடாகவும், பார்ப்பதற்கு ஆண்டவன் படைத்ததுபோல ஆகிவிட்டது.

இதெல்லாம் ரவிச்சந்திரனுக்குத் தெரியாது. அவன் அதிகாரியை மகாபலிபுரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அதிகாரி குடும்பத்தோடு வந்திருந்தார். கோயிலைப் பார்த்தார்கள், அலையில் கால் நனைத்தார்கள், வறுத்த இறால் இரண்டு தட்டு தின்றார்கள். மூன்றாம் தட்டு வந்தபோது, மண்ணையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று அதிகாரிக்கே தோன்றியது. ஜீப்பில் போகும்போது ரவிச்சந்திரன் களிமண்ணின் குணங்களை விளக்கிக்கொண்டே வந்தான். அதிகாரி கேளாத காதை அவன் பக்கம் வைத்துத் தூங்கினார்.

சரிவு மழையில் சொதசொதவென்று இருந்தது. இரண்டடி வைப்பதற்குள் அதிகாரியின் பூட்ஸில் காலுக்கு ஒரு படி களி ஏறியது. குழி விளிம்பில் வந்து நின்றவர், உள்ளே இறங்கப்போவதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ரவிச்சந்திரன் குழியை எட்டிப் பார்த்தான்.

அவனுடைய மண் இல்லை அது. கல்யாண மண்டபத்தின் பின்சுவர்.

அதிகாரி குனிந்து, புட்டியை நீட்டி, மேல் விளிம்பில் நாலு சொட்டு விட்டார். குபுகுபுவென்று பொங்கியது. இன்னும் விட்டார், நுரை சுவரில் வழிந்து இறங்கியது. சத்தம் மந்தக் காதுக்கே கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அவர் ஒரு எட்டு பின்னால் வைத்தார்.

"அபாரம்!" என்று இங்கிலீஷில் கத்தினார். "என் இருபது வருஷ சர்வீஸில் இப்படிப் பொங்கி நான் பார்த்ததில்லை!"

கூட வந்திருந்த சௌகத் அலி வெள்ளையையும் ரவிச்சந்திரனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். அவர் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது.

வரதனுக்குத் தலைகால் புரியவில்லை. தாம் செய்த மரியாதையைப் பார்த்துத்தான் பெரிய மனுஷர் துள்ளுகிறார் என்று நினைத்தார். மாலையோடு முன்னால் வந்தார்.

"ஐயா! நம்ம ஏற்பாடுதாங்க! அசல் கிளிஞ்சல் சுண்ணாம்பு, ரெண்டு கோட்டு! ஆளுங்க கூலி அல்லாம் நம்ம கைக்காசுங்க!"

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ரவிச்சந்திரன் பக்கம் திரும்பினார். இவர் என்ன சொல்கிறார்?

சரிவில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பொன்னி கொஞ்சம் தள்ளி, கையில் துரட்டியோடு, இவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். புதுக் குழி வெட்டச் சொல்வார்கள். அதன் மெல்லிய சத்தம் இந்தக் காதில் ஏறாது. நாளைக்கே வேலிக்கம்பி வந்து இறங்கும். மண் சுண்ணாம்பு மண்தான், அதில் பொய் இல்லை. ஆனால் பொங்கியது மண் இல்லை. ரவிச்சந்திரன் அதுவரை ஒரு சொட்டைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாதவன்.

"உங்களை ஊர் சார்பாக வரவேற்கிறார் சார்" என்றான்.

அதிகாரி மாலையை வாங்கிக்கொண்டார். மேலிருந்தே கடும் சுண்ணாம்பு, முந்திரி கூடாது, புல்லுக்கு மட்டும் என்று ஜீப்பில் உட்கார்ந்தபடியே தீர்ப்பு சொன்னார். புது மண்ணுக்கு வழக்கப்படி நெல்லிமேடு என்று பெயர் வைக்கலாம் என்றார். முந்திரி போனது என்று கேட்டதும் வரதன் முகம் சுருங்கியது. அரசாங்கப் புத்தகத்தில் ஊர்ப்பேர் வருகிறது என்றதும் அதே முகம் விரிந்தது. மச்சினனை அப்புறம் சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.

வேலி வரவில்லை. பொன்னியின் ஆடுகள் பெருகின. ரவிச்சந்திரனுக்கு வேலை நிரந்தரமாகி, ஊரப்பாக்கத்தில் மரியாதையும் கொஞ்சம் கூடியது. எல்லாம் சுகம் என்று கதையை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் நெல்லிமேட்டு மண் புகழ் பெற்றுவிட்டது.

சொட்டு விட்டால் குபுகுபுவென்று பொங்குகிற களிமண் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? கோயம்புத்தூரிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். ஹைதராபாத்திலிருந்து விஞ்ஞானிகள் வந்தார்கள். அடுத்து ஜப்பானிலிருந்து ஒரு குழு வரப்போவதாகக் கடிதம் வந்தது. ஒவ்வொருவருக்கும் அந்தக் குழிதான் வேண்டும், ஒவ்வொருவர் கையிலும் ஆசிட் புட்டி. மழைக்கு மழை வெள்ளை கரைந்து, அவனுடைய பழைய மண் மெல்ல வெளியே தலைகாட்டும். அதைப் பார்க்கும்போது ரவிச்சந்திரனுக்குப் பாசமும் வரும், குலையும் நடுங்கும். எவனாவது ஒருத்தன் பொங்கவில்லையே என்று எழுதினால் ஃபைல் திறக்கும். முந்திரி உத்தரவு இன்னும் உயிரோடுதான் இருந்தது. வரதனோ ரத்தக்கொதிப்பு வந்து, மரியாதைகளையெல்லாம் குறைத்துக்கொண்டு வீட்டோடு இருந்தார்.

ஜப்பான்காரர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் ரவிச்சந்திரன் நெல்லிமேட்டுக்குப் போனான். ஜீப்பிலிருந்து வாளி இறங்கியது, கிளிஞ்சல் சுண்ணாம்பு இறங்கியது, மட்டையும் இறங்கியது. அரைவேக்காட்டுச் சுண்ணாம்பாகவே கேட்டு வாங்கியிருந்தான், அதுதான் நன்றாகப் பொங்கும் என்று இப்போது அவனுக்கு அத்துப்படி. எம்.எஸ்ஸி. படித்தவன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கி வெள்ளையடிக்க ஆரம்பித்தான்.

பொன்னி விளிம்பில் வந்து குந்தினாள்.

"ஒண்ணு கேக்கறேன் சாரு. இது நெசமாவே சுண்ணாம்பு மண்ணு தானே?"

"நெசந்தாம்மா. சத்தியமா."

"அப்பறம் இன்னாத்துக்கு மேல பூசற?"

அவன் மட்டையை நிறுத்தினான். சுவரில் இன்னும் பூசாத இடத்தில் காதை வைத்தான். சொட்டு விடாமலே எதையோ கேட்பவன்போலக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"இது மெல்லப் பேசுற மண்ணும்மா. வர்றவங்களுக்குக் கேக்காது" என்றான்.

பொன்னி எழுந்து குழியின் நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு துரட்டியை நீட்டிக் காட்டினாள்.

"அப்ப அந்த மூலை வுட்டுப்போச்சி பாரு சாரு. நல்லா பூசு."