சத்தம் இல்லாத இடம்

அந்த மௌனம் நான்கு விநாடியா, ஆறு விநாடியா என்பது இப்போது சரியாக நினைவில்லை. டைரக்டர் சொல்லித்தான் அதை நிரப்பினேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது.

போர் நடந்துகொண்டிருந்தது; போர்ப் படங்களும் வந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் நம் ஆட்களே வென்றார்கள். ஒன்பது வருடமாக அவற்றுக்குக் குண்டுச் சத்தம் போட்டவன் நான். இரும்புப் பீப்பாயும் ஈர மணலும்தான் என் பீரங்கிகள்.

தம்பி கையில் கட்டோடு களத்திலிருந்து விடுப்பில் வந்தான். எனக்குச் சாப்பாடு கொடுக்க ஸ்டுடியோவுக்கு வந்தவனை டைரக்டர் பிடித்துக்கொண்டார். என்னை ஒருநாளும் உட்காரச் சொல்லாதவர், அவனுக்குத் தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். என் சத்தத்தைப் போட்டுக் காட்டினார்.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா பக்கத்துல விழுந்தா ஒண்ணும் கேக்காது. காது அடைச்சிரும். என் கூட்டாளி வாய் அசைஞ்சுது. கடைசியா என்ன சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

டைரக்டர் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தை நிறுத்தினார். பிறகு என்னிடம், "குண்டு பக்கத்துல விழுற இடத்துல எல்லாச் சத்தத்தையும் எடுத்துருங்க" என்றார்.

வீட்டில் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பெரியவன் ஒன்பது வருஷமா தகரத்தைத் தட்டுறான். சின்னவன் சும்மா இருங்கன்னு சொல்லியே பேர் வாங்கிட்டான்."

தம்பி சிரிக்கவில்லை. "அண்ணே, அந்த இடத்தை மட்டும் அப்படியே விட்ரு. என் கூட்டாளியோட அம்மா படம் பார்க்க வர்றாங்க."

"சரிடா" என்றேன். வயிறு எரிந்தது.

எங்கள் தொழிலில் எந்த இடத்தையும் முழுக்கக் காலியாக விடமாட்டோம். விட்டால் தியேட்டரில் மிஷின் கெட்டுவிட்டதென்று விசில் அடிப்பார்கள். ஆளில்லாத அறையின் இரைச்சலையாவது போட்டு வைப்போம். சத்தம் சேர்க்கும் கடைசி நாளில் அந்த இடத்தில் அதைத்தான் முதலில் போட்டேன். பிறகு கை நிற்கவில்லை. பீப்பாயையும் மணலையும் போட்டேன்.

முதல் காட்சியில் அந்த இடத்தில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. டைரக்டர் என் தோளைத் தட்டினார். இரண்டு வரிசை முன்னால் கூட்டாளியின் அம்மா இரு காதுகளையும் பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் தம்பி. திரும்பிப் பார்ப்பான் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை.

விடுப்பு மீதமிருக்கையிலேயே தம்பி களத்துக்குத் திரும்பினான். இரண்டு மாதம் கழித்துக் காணாமல்போனவர்கள் பட்டியலில் வந்தான். கூட்டாளியின் அம்மா ஊரை விட்டுப் போய்விட்டார். டிவியில் அந்தப் படம் வந்தால் அம்மா அணைத்துவிடுகிறாள். டைரக்டர் மேலும் மூன்று போர்ப் படங்கள் எடுத்துவிட்டார். மூன்றுக்கும் சத்தம் நான்தான். இப்போதெல்லாம் என்னை உட்காரச் சொல்கிறார். போர் முடியவில்லை.